உள்ளூர்த் தொழிற்சாலை மெத்தைகள்: எது யாருக்குப் பொருந்தும்?

நாலைந்து வருடத்தில் நடுவில் பள்ளம் விழுந்த மெத்தையைக் கத்தியால் கீறிப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது அதற்கு மேலே இருந்த இரண்டு மூன்று விரற்கடை ஃபோம்தான். புதிதில் 5 செ.மீ. இருந்தது இடுப்பு படும் இடத்தில் 2 செ.மீ. ஆக நசுங்கி, விரலால் அழுத்தினால் திரும்பி எழாமல் கிடக்கும். வாங்கிய அன்று கடைக்காரர் ஸ்பிரிங் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லியிருப்பார். அந்த ஃபோமைப் பற்றி அவரும் சொல்லியிருக்க மாட்டார், நாமும் கேட்டிருக்க மாட்டோம்.

கேட்க வேண்டியது மூன்றுதான். உள்ளே என்னென்ன அடுக்கு? ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ.? ஒவ்வொன்றின் அடர்த்தி என்ன? பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பேரங்காடியில் நிற்கும் விற்பனையாளருக்கு இந்த விவரம் தெரியாமல் இருக்கலாம். மெத்தையைச் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. 1968 முதல் சிங்கப்பூரில் இயங்கும் ஃபோர் ஸ்டார் போன்ற உள்ளூர்த் தயாரிப்பாளரிடம் நேரே போவதன் முதல் லாபம் இதுதான். குறுக்கே வெட்டிய மாதிரியைக் காட்டச் சொல்லலாம், மேலடுக்கை மாற்றித் தரக் கேட்கலாம், கட்டிலுக்கேற்ற அளவில் செய்யச் சொல்லலாம்.

'உள்ளூர்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பெயரும் காட்சிக்கூடமும் சிங்கப்பூரில் இருக்கும், தொழிற்சாலை மலேசியாவிலோ சீனாவிலோ இருக்கும். அது குற்றமில்லை, தரமும் குறைந்துவிடாது. ஆனால் "மேலே இருக்கும் ஃபோமை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று பிற்பாடு கேட்டால் செய்து தர இங்கே ஆள் இருக்கிறாரா என்பது அதைப் பொறுத்தது. தைக்கும் இடம் எது என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

அடர்த்தியை நீங்களே அளக்கலாம்

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. கெட்டித்தன்மை வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடர்த்தி குறைந்த ஃபோமையும் கல் மாதிரி கெட்டியாகச் செய்ய முடியும். கடையில் படுத்துப் பார்க்கும்போது திடமாகத் தெரியும், வீட்டுக்கு வந்து ஒரு வருடத்தில் தளர்ந்துவிடும். ஃபோம் என்பது உறைந்த நுரை. நுரையின் சுவர் மெலிதாக இருந்தால் ஒவ்வோர் இரவும் மடங்கி மடங்கி முறிந்துபோகும். வியர்வையும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமனில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். சமையலறையில் மாவு நிறுக்கும் மின்தராசில் வையுங்கள். வரும் கிராமை இரண்டால் பெருக்கினால் அடர்த்தி கிடைத்துவிடும். 16 கிராம் காட்டினால் 32 கிலோ. 8 கிராம்தான் காட்டுகிறது என்றால் 16 கிலோ, அது படுப்பதற்கான ஃபோமே அல்ல. துண்டைப் பிய்த்தும் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்து விரலில் மாவுபோல் ஒட்டினால், எடை கூட்டுவதற்குச் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கலாம்.

சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் என்றால் மேலடுக்குக்கு 28 கிலோவுக்குக் கீழே போக வேண்டாம், 32 நல்லது. மெத்தை முழுவதும் ஃபோம் என்றால் அடிப்பாகம் 35-ஆவது இருக்கட்டும். உடற்சூட்டில் இளகும் மெமரி ஃபோமுக்கு 50-இல் தொடங்க வேண்டும். ரப்பர் பாலில் செய்யும் லேடக்ஸ் 65 முதல் 90 வரை வரும்.

போனல் ஸ்பிரிங்கா, பாக்கெட் ஸ்பிரிங்கா

போனல் ஸ்பிரிங் உடுக்கை வடிவம், இடை சிறுத்து இரு முனையும் அகன்றிருக்கும். எல்லா ஸ்பிரிங்கையும் சுருள் கம்பியால் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். கம்பி தடிமனானது, 2.2 முதல் 2.4 மி.மீ. அதனால் விலை மலிவு, உழைப்பும் அதிகம். ஆனால் ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவரும் அசைவார். உடம்பின் வளைவுக்கேற்ப அமுங்காமல் ஒரே பலகையாக இறங்கும். தனியாகப் படுப்பவருக்கும் விருந்தினர் அறைக்கும் இது தாராளமாகப் போதும்.

பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப்பையில் இருக்கும், பைகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தோள் பட்ட இடம் மட்டும் இறங்கும், இடுப்புக்குப் பக்கத்து இடம் தாங்கும். கணவன் மனைவிக்கிடையே எடை வித்தியாசம் அதிகமென்றால் இதைத் தவிர வேறு ஸ்பிரிங்கைப் பார்க்கவே வேண்டாம்.

இனி அந்தப் புகழ்பெற்ற எண்ணிக்கை. குவீன் மெத்தை 152-க்கு 190 செ.மீ. அதில் 6 செ.மீ. விட்டமுள்ள ஸ்பிரிங்கை நேர்வரிசையில் அடுக்கினால் 25-க்கு 31, அதாவது 775 பிடிக்கும். தேன்கூடு மாதிரி நெருக்கி அடுக்கினால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே 800, 1,000 என்பதெல்லாம் நியாயமான கணக்கு. 2,000 என்றால் ஒன்று கம்பி மெலிந்திருக்கும், இல்லாவிட்டால் மேலே போட்ட குட்டி ஸ்பிரிங் அடுக்கையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள். கிங் அளவின் எண்ணிக்கையைக் குவீன் அளவுக்குச் சொல்வதும் நடக்கிறது. எண்ணிக்கையைக் காட்டிலும் கம்பித் தடிமனைக் கேளுங்கள். 1.8 மி.மீ. மென்மை, 2.0 நடுத்தரக் கெட்டி. 80, 90 கிலோ எடையுள்ளவருக்கு 2.0-க்குக் கீழே வேண்டாம். கேஜ் கணக்கில் பதில் சொன்னால் எண் குறையக் குறையக் கம்பி தடிமன் என்று நினைவில் வையுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஓரம். மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்து காலணி மாட்டுவதுபோல் குனியுங்கள். சறுக்கிக்கொண்டு போகிறதென்றால் ஓரத்தில் தாங்கல் இல்லை. நல்ல தொழிற்சாலையில் சுற்றிலும் கெட்டி ஃபோம் சட்டம் வைப்பார்கள் அல்லது ஓர வரிசைக்கு மட்டும் தடித்த ஸ்பிரிங் போடுவார்கள். மூட்டுவலியோடு எழுந்து உட்காரும் பெரியவர்களுக்கு இந்த ஓரம்தான் எல்லாம்.

ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே அழுத்திய நார்ப்படலம் ஒன்று இருக்க வேண்டும். வெட்டிய மாதிரியில் அதைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்பிரிங் நாளடைவில் ஃபோமை அடியிலிருந்து அரித்துவிடும்.

பஞ்சணைபோல் மேலே தைத்து வைக்கும் 'பில்லோ டாப்' மீது எங்களுக்கு நம்பிக்கை குறைவு. படுத்ததும் சொகுசு, உண்மைதான். அந்தச் சொகுசைத் தருவது அடர்த்தி குறைந்த ஃபோமும் பாலியெஸ்டர் பஞ்சும், முதலில் பள்ளம் விழுவதும் அதுவே. ஒரு பக்கம் மட்டும் பயன்படும் மெத்தை என்பதால் புரட்டிப் போடவும் வழியில்லை. இரு பக்கமும் படுக்கத்தக்க மெத்தையைச் சில தொழிற்சாலைகள் சொன்னால் செய்து தருகின்றன. கேட்டுப் பாருங்கள், கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்தது.

லேடக்ஸ்

1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ரப்பர் கன்றுகள், பின்னாளில் அங்கே இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லியின் முயற்சியால் மலாயா முழுவதும் தோட்டங்களாகப் பரவின. தோட்டத்துத் தமிழர் விடியலில் எழுந்து சீவிய பால்மரத்தின் அதே பால்தான் இன்றைய லேடக்ஸ் மெத்தை. பாலைக் கடைந்து நுரையாக்கி அச்சில் ஊற்றி வேகவைக்கும் டன்லப் முறை 1929-இல் வந்தது. கனமான துகள் கீழே தங்குவதால் அடிப்பக்கம் சற்றுக் கெட்டியாக இருக்கும். டலலே முறையில் அச்சைப் பாதி நிரப்பி, காற்றை உறிஞ்சி, உறைய வைத்துப் பிறகு சூடேற்றுவார்கள். அது சீராகவும் மென்மையாகவும் வரும், விலையும் கூடுதல். முதுகுத் தாங்கலுக்கு டன்லப் போதும்.

லேடக்ஸின் பலம் அதன் துள்ளல். அமுங்கிய உடனே எழும், பத்து வருடம் கழித்தும் பெரிதாகப் பள்ளம் விழாது. ஏமாற்றும் இங்கேதான் அதிகம். 'லேடக்ஸ் மெத்தை' என்ற பெயரில் மேலே 2.5 செ.மீ. லேடக்ஸ், கீழே 15 செ.மீ. சாதாரண ஃபோம் என்று விற்பார்கள். எடையே காட்டிக்கொடுத்துவிடும். 15 செ.மீ. தடிமனில் முழு லேடக்ஸ் குவீன் மெத்தை, 80 கிலோ அடர்த்தியில், உறை இல்லாமலே கிட்டத்தட்ட 35 கிலோ வரும். அதே அளவு சாதாரண ஃபோம் 13 கிலோதான். ஒரே ஆள் ஒரு மூலையைப் பிடித்து லகுவாகத் தூக்கினால் உள்ளே இருப்பது லேடக்ஸ் அல்ல. ஜிப் வைத்த உறையுள்ள மெத்தையாகப் பார்த்து வாங்குங்கள், திறந்து பார்த்துவிடலாம். இயற்கைப் பாலும் செயற்கை ரப்பரும் என்ன விகிதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். '100 விழுக்காடு லேடக்ஸ்' என்பதும் '100 விழுக்காடு இயற்கை லேடக்ஸ்' என்பதும் ஒன்றல்ல.

ஒரு எச்சரிக்கை. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். லேடக்ஸை அப்படிச் செய்யவே கூடாது. நேர்வெயில் பட்டால் மேற்பரப்பு மஞ்சளாகி, இறுகி, தூள் தூளாக உதிரும். சன்னலோரக் கட்டிலில் பிற்பகல் வெயில் விழுமென்றால் தடித்த விரிப்பாவது இருக்கட்டும்.

மெமரி ஃபோம், கெட்டி ஃபோம்

மெமரி ஃபோம் உடற்சூட்டில் இளகுவது. இந்தக் குணத்தால் சிங்கப்பூரில் ஒரு சிக்கல் உண்டு. காட்சிக்கூடத்தில் 22, 23 டிகிரியில் படுத்துப் பார்க்கும்போது கெட்டியாக இருக்கும். வீட்டில் மின்விசிறி மட்டும் ஓடும் 29, 30 டிகிரி அறையில் அதே மெத்தை குழைந்து, உடம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். காற்று புகாது, முதுகு நனையும். இரவு முழுக்கக் குளிர்சாதனம் ஓடும் அறைக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம், அதுவும் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். 'கூலிங் ஜெல்' முதல் சில நிமிடம் குளிரும், உடற்சூடு ஏறிய பிறகு வித்தியாசம் தெரியாது.

ஹாங்காங்கிலிருந்து வந்த சீ ஹார்ஸ் மாதிரியான மடிக்கும் கெட்டி ஃபோம் மெத்தைகள் இங்கே பல வீடுகளில் இருக்கின்றன. பாயில் படுத்துப் பழகிய தாத்தா பாட்டிகளுக்கும், பகலில் மடித்துவைக்க வேண்டிய சின்ன அறைகளுக்கும் பொருத்தமானவை. பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளும் இடுப்பெலும்பும் வலிக்கும். ஃபோம் கழிவைத் துண்டாக்கி ஒட்டிய 'ரீபாண்டட்' பலகைகளைப் பெரும்பாலும் 'ஆர்த்தோபீடிக்' மெத்தைக்குள் வைப்பார்கள். 'ஆர்த்தோபீடிக்' என்ற சொல்லுக்குச் சட்டப்படியான அளவுகோல் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

முதுகுவலிக்குக் கல் மாதிரி மெத்தைதான் நல்லது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் நடத்தி, 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. தாத்தாவுக்குப் பழக்கம் என்றால் கெட்டி மெத்தை கொடுங்கள். வலிக்கு மருந்து என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

அறை, கட்டில், மின்தூக்கி

மெத்தையைத் தேர்வு செய்துவிட்டு வீட்டை நினைப்பதைவிட, வீட்டை அளந்துவிட்டு மெத்தைக்குப் போவது நல்லது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல், விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பலரும் வாங்கும், அடியில் சாமான் வைக்கும் தூக்குக் கட்டிலில் மெத்தைக்குக் கீழே அடைத்த பலகை இருக்கும். உடலிலிருந்து இறங்கும் ஈரம் போக வழியின்றி அடிப்பக்கம் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். பலகையில் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும், இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை மெத்தையைத் தூக்கி அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். தரையில் நேரடியாகப் போடுவதும் இதே ஆபத்துதான்.

தூக்குக் கட்டிலில் இன்னொன்று. பலகையைத் தூக்கி நிறுத்தும் அதன் வாயுத் தண்டுகள் குறிப்பிட்ட எடைக்கு அளந்து பொருத்தியவை. லேசான மெத்தைக்குப் பொருத்திய தண்டால் 35 கிலோ லேடக்ஸைத் தூக்கி நிறுத்த முடியாது. சாமான் எடுக்கும்போது மேலே வந்து விழும். மெத்தையை மாற்றினால் தண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.

சட்டக்கட்டைகள் வைத்த கட்டில் என்றால், லேடக்ஸுக்கும் ஃபோமுக்கும் கட்டைகளின் இடைவெளி 7 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மெத்தை இடைவெளிகளில் பிதுங்கும், உத்தரவாதமும் செல்லாமல் போகலாம்.

அளவில் கவனம். உள்ளூர் வழக்கப்படி சிங்கிள் 91, சூப்பர் சிங்கிள் 107, குவீன் 152, கிங் 182 செ.மீ. அகலம், நீளம் எல்லாவற்றுக்கும் 190. ஐக்கியா கட்டில்கள் 150, 180 அகலத்தில் 200 நீளம். உள்ளூர் மெத்தையை அதில் போட்டால் கால்மாட்டில் 10 செ.மீ. பள்ளம் நிற்கும். தொழிற்சாலையில் 200 நீளத்துக்குச் செய்யச் சொல்லலாம். ஆனால் சிறப்பு அளவைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆகவே படுத்துப் பார்த்த பிறகே சொல்லுங்கள்.

உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். 35 செ.மீ. கட்டிலில் 30 செ.மீ. மெத்தை என்றால் 65. ஓரத்தில் உட்காரும் பாட்டிக்குக் கால் தரையில் படாது. 45 முதல் 50-க்குள் அமைந்தால் அவர் யார் உதவியுமின்றி எழுந்துகொள்வார்.

ஸ்பிரிங் மெத்தையை மடிக்க முடியாது. மடித்தால் ஓரக்கம்பி வளைந்துவிடும், பிறகு நிமிராது. மின்தூக்கியின் உள் ஆழத்தையும் உயரத்தையும் அளந்து போங்கள், இரண்டு தளமுள்ள மெசனெட் வீடென்றால் உட்படிக்கட்டின் திருப்பத்தையும். கிங் அளவு நுழையாது என்றால் இரண்டு 91 செ.மீ. சிங்கிள்களைச் சேர்த்துப் போடலாம். கணவனுக்குக் கெட்டி, மனைவிக்கு மென்மை என்று வேறு வேறாகவும் செய்துகொள்ளலாம். நடுவே கோடு தெரியாமலிருக்க மேலே ஒரே விரிப்புமெத்தை போதும்.

படுத்துப் பார்ப்பது

கையால் அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை. பத்துப் பதினைந்து நிமிடம், வீட்டில் தூங்கும் அதே நிலையில், உங்கள் தலையணை உயரத்தோடு படுங்கள். மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையை நுழையுங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை மிகக் கெட்டி. நுழையவே இடமில்லை என்றால் இடுப்பு அமுங்கிப்போகிறது. லேசான உரசலோடு போக வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முதுகுப்பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரிய வேண்டும். நடுவில் தொய்ந்தால் தாங்கல் போதாது, தோள் மேலே தள்ளப்பட்டால் மேலடுக்கு போதாது. மனைவியோ கணவனோ கூடவே படுத்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எங்கள் தேர்வைச் சொல்வதானால், மின்விசிறி அறையில் தூங்கும் தம்பதிக்கு 2.0 மி.மீ. பாக்கெட் ஸ்பிரிங், மேலே 3 முதல் 5 செ.மீ. லேடக்ஸ். ஸ்பிரிங்குக்குள் காற்று ஓடும், மேலடுக்கு சீக்கிரம் பள்ளம் விழாது. பண வசதியும் துளையுள்ள நல்ல கட்டிலும் இருந்தால் முழு லேடக்ஸ். வளரும் பிள்ளைகளுக்கு 35 கிலோ அடர்த்தி ஃபோம், 15 செ.மீ. போதும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் அதற்கு மேல் தடிமன் போட்டால் தடுப்புக் கம்பி உயரம் குறைந்து குழந்தை உருண்டு விழும். தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ள வீட்டில் எந்த மெத்தையானாலும் ஜிப் வைத்த முழு உறை போட்டு, விரிப்பை வாரந்தோறும் 60 டிகிரி நீரில் துவைக்க வேண்டும்.

ரசீதும் உத்தரவாதமும்

'70 விழுக்காடு தள்ளுபடி' என்ற பலகையைப் பார்க்க வேண்டாம், கடைசியில் கட்டும் தொகையை ஒப்பிடுங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா, வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி, படிக்கட்டுக் கூலி, பழைய மெத்தையை எடுத்துப்போகும் கூலி எல்லாம் சேர்ந்ததா என்று கேளுங்கள். பழைய மெத்தைக்கு வீவக வீட்டுக்காரர்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. நகர மன்றத்திடம் சொன்னால் மாதத்துக்கு இத்தனை பொருள் என்ற வரம்புக்குட்பட்டு இலவசமாகவே எடுத்துச் செல்வார்கள்.

'10 ஆண்டு உத்தரவாதம்' பல நேரம் ஸ்பிரிங்குக்கு மட்டும். ஃபோமுக்கு எத்தனை ஆண்டு, எத்தனை செ.மீ. பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதே கேள்வி. 3.8 செ.மீ. என்று போட்டிருப்பவர்கள் அதிகம், 2.5 என்று போடுகிறவரிடம் வாங்குங்கள். மெத்தையில் கறை இருந்தால் மறுத்துவிடுவார்கள், ஆகவே முதல் இரவே பாதுகாப்பு உறை போட வேண்டும்.

2012 செப்டம்பர் முதல் நடப்பிலிருக்கும் பழுதுப் பொருள் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுது பார்த்தோ மாற்றியோ தர வேண்டும், முடியாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப. 'எனக்குச் சொகுசாக இல்லை' என்பது இதில் சேராது. பேசித் தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தையோ, 20,000 வெள்ளி வரையிலான வழக்கை ஏற்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தையோ நாடலாம்.

அதற்குச் சான்று வேண்டும். மெத்தை வந்த அன்றே விரிப்பை எடுத்துவிட்டு, அகலவாக்கில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் மெத்தைக்கும் இடையே அடிக்கோலை நிறுத்தித் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். முதல் ஆறு மாதம் மாதமொரு முறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. திருப்பும்போதெல்லாம் அதே நூலைக் கட்டி அதே இடத்தில் அளந்து எழுதுங்கள். ஐந்தாவது மாதத்திலேயே கோல் 2 செ.மீ. காட்டினால் ஆறாவது மாதம் முடியும்வரை காத்திராமல் அன்றைக்கே கடைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.